கேள்வி கேளாத கடை

பங்குச் சுவாமியாருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு தெரியவருகிற சங்கதி, கடைக்கார அகஸ்ரீனாவுக்கு முந்தின வியாழக்கிழமையே தெரிந்திருக்கும். பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில், நீனோவின் முடிவெட்டும் கடைக்கு எதிரே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாம் ஆள் வாசலில் நிற்கவேண்டிய அளவில் அவளுடைய கடை இருந்தது. சனம் வாங்குகிற சாமானைப் பார்த்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுவாள். சரக்குத்தூளும் உள்ளியும் வாங்கினால் பிள்ளை பிறந்திருக்கிறது. ஒரு ஆம்பிளை தனியே வந்து நூடில்சும் முட்டையும் எடுத்தால் மனைவி ஊருக்குப் போயிருக்கிறா. பெரிய அரிசி மூட்டையோடு நூடில்சும் எடுத்தால் மனைவி வீட்டில்தான் இருக்கிறா, கதை பேச்சு இல்லை.

சந்தேகம் வந்தால் நேரே கேட்டுவிடுவாள். "என்ன தம்பி, அவ கோவமோ? நீர் என்ன சொன்னனீர்?" என்பாள். தம்பியும் வாசலில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு, வாங்க வந்த நூடில்சை மறந்துவிட்டுப் போவான்.

பேசாலை என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். இளம்பெண்ணாக இத்தாலிக்கு வந்து, பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், நாலாம் மாடி வீட்டைப் பல வருசம் துடைத்தாள். முழங்கால் இனி ஏலாது என்று சொன்ன பிறகு திறந்ததுதான் இந்தக் கடை. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியைத் துடைத்தவள் விமலராணி. இருவரும் வந்த புதிதில் ஒரே அறையில், ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்தவர்கள். விமலராணியின் மகள் லக்ஷனாவை அகஸ்ரீனாவின் மகன் சுஜீவனுக்குக் கட்டிவைப்பதென்று பேசி முடித்தபோது, பங்கில் யாருக்கும் அது புதினமாக இருக்கவில்லை.

மண்டபம் சொல்லி, கூறைச்சீலையும் எடுத்தாயிற்று. ஒரு மத்தியானம் சுஜீவன், மொண்டெல்லோக் கடற்கரையில் தான் சமைக்கிற றெஸ்ரோறன்ருக்குப் போகமுன்னம், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அம்மா, எனக்கு இந்தக் கலியாணம் சரிவராது."

"ஏனடா?"

"தெரியேல்லை."

"வேற ஆரும் இருக்கினமோ?"

"இல்லை."

"அவள் ஏதும் சொன்னவளோ?"

"பாவம், அவள் நல்ல பிள்ளை." இன்னொரு மீன் துண்டு போட்டுச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒரேத்தோவில் யாருடைய வாயிலிருந்தும் காரணத்தைக் கறந்துவிடக்கூடியவளுக்குத் தன் மகனிடமிருந்து அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. கலியாணம் குழம்பியதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய மானக்கேடு. ஏனென்றால் இப்போது கேள்விகள் மறுபக்கத்திலிருந்து வந்தன. அயலில் இருக்கிற ஞானம்பிகை தாளிக்கக் கடுகு வாங்க வந்து, "ஏனக்கா, பொடியனுக்கு என்னவாம்?" என்றாள். வயசான கோபாலசிங்கம் தினம் ஒரு தேங்காய் வாங்க வந்து, "என்ன பிள்ளை, ஏதும் தெரிஞ்சுதோ?" என்றார். அவருக்குக் கொழுப்புக் கூடித் தேங்காயை டொக்டர் நிறுத்தி வருசக்கணக்கு. விமலராணி மட்டும் வரவில்லை. அவள் தெருவால் போவது தெரிந்தால் அகஸ்ரீனா அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து, எதையோ தேடுகிற மாதிரி நிற்பாள். முழங்கால் நோகும். ஆனாலும் நிற்பாள்.

அந்த நேரம் பார்த்து ஒசாக்காவில் இருக்கிற மகள் றஜிதாவுக்குப் பிள்ளைப்பேறு வந்தது. அகஸ்ரீனா கடையைக் கணவன் பவுலின் தலையில் கட்டிவிட்டு, சரக்குத்தூளோடு விமானம் ஏறினாள்.

ஒசாக்காவில் றஜிதாவின் மாடிவீட்டுக்குக் கீழே ஒரு கொன்பினி இருந்தது. ஜப்பான்காரர் எந்நேரமும் திறந்திருக்கிற சின்னக் கடையை அப்படித்தான் சொல்கிறார்கள். முதல்நாள் பால் வாங்க இறங்கினாள். கதவு தானாகத் திறந்து மணிப்பாட்டுப் பாடியது. உள்ளே நின்ற பெடியன் தலை நிமிராமலே நீளமாக ஏதோ கூவி வரவேற்றான். அகஸ்ரீனா "வணக்கம் தம்பி" என்றுவிட்டு, எங்கிருந்து வந்தனீங்கள், மகள் எத்தினையாம் மாடி என்ற அடுத்த கேள்விகளுக்காக நின்றாள். ஒன்றும் வரவில்லை.

"அவையள் மூண்டு கேள்விதானம்மா கேப்பினம்," என்று றஜிதா விளக்கினாள். "பை வேணுமோ, சூடாக்கவோ, கரண்டி வேணுமோ. எல்லாத்துக்கும் கையை ஆட்டுங்கோ, போதும்."

"வேற ஒண்டும் கேக்காயினமோ?"

"ஏன் கேக்கவேணும்?"

அகஸ்ரீனாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சோதித்துப் பார்த்தாள். நைற்றிக்கு மேலே மருமகனின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள், பெடியன் பார்க்கவில்லை. ஒரே நாளில் நாலு தரம் போனாள். நாலு தரமும் முதல்தரம் வருகிறவளைப்போலவே வரவேற்றான். வீட்டில் மூன்று பேர் இருக்க எட்டு ஐஸ்கிறீம் வாங்கினாள். பையா, கரண்டியா என்றுதான் கேட்டான். கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை ஒன்று வாங்கி, அதன் மெல்லிய உறையை எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல், பாசி ஒரு பக்கம் சோறு ஒரு பக்கமாக ஜன்னலோர மேசையில் கொட்டினாள். பெடியன் ஒரு துணியோடு வந்து துடைத்துவிட்டு, தலை குனிந்துவிட்டுப் போனான். அவன்தான் கொட்டிவிட்ட மாதிரி.

பிள்ளை நித்திரையாகும் நேரமெல்லாம் அவள் அந்த ஜன்னலோரத்தில் கோப்பியோடு இருந்து பார்த்தாள். சூட்டுப் போட்டவர் கரண்ட் பில் கட்டுகிறார். பள்ளிக்கூடப் பெட்டை மெசினில் படம் அச்செடுக்கிறாள். கிழவி ஒருத்தி மகனுக்குப் பார்சல் அனுப்புகிறாள். லொறிக்காரன் கக்கூசுக்குப் போய்விட்டு, அதற்காக ஒரு சுவிங்கம் வாங்குகிறான். மழை வந்தால் குடை வாசலுக்கு வருகிறது. அந்தத் தெருவின் சீவியம் முழுவதும் அந்தக் கடைக்குள்ளால்தான் போய்வந்தது. கடை மட்டும் அதற்குள் வாய் வைக்கவில்லை. அவளுடைய கடையிலும் இவ்வளவும்தானே நடக்கிறது? வேலைவீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் படிவம் நிரப்புகிறார்கள், பார்சல் வைக்கிறார்கள். வித்தியாசம் வாய் ஒன்றுதான்.

பலெர்மோவுக்குத் திரும்பி வந்த கிழமையே பிளாஸ்ரிக் கதிரை பின்னறைக்குப் போனது. வாசலில் மணிப்பாட்டுப் பாடுகிற பெட்டி ஏறியது. காசை வைக்கச் சின்னத் தட்டு, கவுண்டரில் மைக்ரோவேவ், ஒரு பேணி நிறையப் பிளாஸ்ரிக் கரண்டி.

"இஞ்சேரும், இது பலெர்மோ," என்றார் பவுல். "இஞ்சை கேள்வி கேக்காமல் பாண்கூடத் தரமாட்டாங்கள்."

"இனி மூண்டு கேள்விதான். நீங்களும் கடைக்குள்ள நிண்டால் அவ்வளவுதான் கேக்கலாம்."

"அப்ப நான் வீட்டிலயே நிக்கிறன்."

அகஸ்ரீனா கணக்குப் போட்டிருந்தாள். தான் ஒன்றும் கேட்காவிட்டால் தன்னையும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். சுஜீவனின் கதை ஆறிப் போகும். அவளுக்கு வேண்டியது அது மட்டுந்தான்.

முதல் வந்தவள் ஞானம்பிகை. மணிப்பாட்டுக்குத் திடுக்கிட்டு, பிறகு சிரித்துக்கொண்டு வந்து, மிளகாய்த்தூள் பைக்கற்றைக் கவுண்டரில் வைத்தாள். "எப்பக்கா வந்தனீங்கள்?"

அகஸ்ரீனா இடுப்புவரை குனிந்து நிமிர்ந்தாள். "பை தரவோ?"

"என்ன?"

"சூடாக்கவோ?"

"மிளகாய்த்தூளையோ?"

"கரண்டி?"

ஞானம்பிகை மிச்சக் காசை எடுக்காமலே எதிர்க்கடைக்குப் போனாள். முடிவெட்டும் கதிரையில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்த கோபாலசிங்கத்துக்கு, "அண்ணை, அகஸ்ரீனா அக்காவுக்கு ஏதோ நடந்திட்டுது" என்று சொன்னது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

என்ன நடந்தது என்பதில்தான் சனத்துக்குள் அபிப்பிராய பேதம். விமானத்தில் பிறசர் ஏறி நாக்கைத் தாக்கிவிட்டது என்றது ஒரு கட்சி. குனிந்து கும்பிடுகிறாளே, ஜப்பானில் வேதம் மாறிவிட்டாள் என்றது இன்னொன்று. அந்தக் கட்சியின் நாலு பெண்கள் ஒரு பின்னேரம் செபமாலையோடு வந்து, பருப்புத் தட்டுக்கு முன்னால் நின்று ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டி முடித்தார்கள். அகஸ்ரீனாவும் ஒழுங்காக மறுமொழி சொல்லிச் செபித்தாள். அது அவர்களை இன்னும் குழப்பியது. ஞானம்பிகை சைவக்காரி. ஆனாலும் ஊரின் காவல் புனிதை சாந்த றொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி, அக்காவின் வாய் திறக்கவேண்டுமென்று மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். அதை அவளே வந்து சொன்னாள். அகஸ்ரீனா இன்னும் ஆழமாகக் குனிந்து நிமிர்ந்தாள். "பை தரவோ?" என்றாள்.

சோற்று உருண்டையும் போட்டுப் பார்த்தாள். உள்ளே மீன் சம்பல் வைத்து, மெல்லிய தாளில் சுற்றி வரிசையாக அடுக்கினாள். நீனோ ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். பலெர்மோக்காரனுக்குச் சோற்று உருண்டை என்றால் இறைச்சி வைத்துப் பொரித்த அரஞ்சீனா ஒன்றுதான். ஊரின் மானமே அதில் இருக்கிறது.

"சிஞ்ஞோரா, இதைப் பொரிக்க மறந்திட்டீங்கள்," என்றான் இத்தாலியனில்.

"சூடாக்கவோ?"

"சூடாக்கவேண்டாம், பொரியுங்கோ. பக்கத்தில இருக்கிறவன் எண்டபடியால்தான் சொல்லுறன். வேற ஆரும் பார்த்தால் முனிசிப்பாலிட்டிக்கு அறிவிச்சிடுவாங்கள்."

பெரிய தொந்தரவு வேறு விதமாக வந்தது. அவள் கேட்காமல் விட, சனம் தானாகச் சொல்லத் தொடங்கியது. தன்னோடுதான் கோபம் என்று நினைத்த கோபாலசிங்கம், ஒரு தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பிள்ளை, உமக்கு எப்பிடியோ தெரிஞ்சிட்டுது. சரி, சொல்லுறன். அந்த நத்தார் ஒளிவிழாவில றஜிதா மாதாவா நிக்கேக்கை கரண்ட் போனது... அது நான்தான். தேத்தண்ணிக் கேத்திலைப் பிளக்கில குத்தினனான்."

அந்த ஒளிவிழா நடக்கும்போது றஜிதாவுக்குப் பத்து வயது. மேடையில் மாதாவாக நின்றவள் இருட்டில் மாட்டுத்தொழுவத் தொட்டிலுக்குள் விழுந்து, பொம்மைக் குழந்தை யேசுவின் கை முறிந்து, அடுத்த வருசம் அவளை ஆடாகவோ மேய்ப்பனாகவோகூட நடிக்கவிடவில்லை. யார் செய்த வேலை என்று அகஸ்ரீனா அந்தக் காலத்தில் பங்கு முழுக்க விசாரித்தவள். இப்போது நாக்கு நுனியில் பதினைந்து கேள்வி வரிசையில் நின்றது. விழுங்கினாள்.

"பை தரவோ அண்ணை?"

"மன்னிச்சிட்டீரோ?"

"சூடாக்கவோ?"

அவர் தேங்காயைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு பக்கம், அவளுடைய போன் முழுக்கப் பேரனின் படம். பேரன் கொட்டாவி விடுகிறது, பேரன் காலைத் தூக்குகிறது. ஒருவர், ஒரேயொருவர், "பேரன் எப்பிடி?" என்று கேட்டால் போதும். ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேளாத கடையில் யார்தான் கேட்பது? வேறு வழியில்லாமல் நீனோவுக்குக் காட்டினாள். அவன் பிள்ளையின் தலைமயிரைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொன்னான்.

இந்த நிலையில்தான் ஒரு காலை மணிப்பாட்டுப் பாடியது, நிமிர்ந்தால், விமலராணி. அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிய நேரமிருக்கவில்லை. விமலராணி நேரே போய்ப் பலகாரத்துக்கான பயத்தம் மா இரண்டு பைக்கற் எடுத்தாள். கவுண்டரில் வைத்தாள். அகஸ்ரீனாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பை தரவோ?" என்றாள் அகஸ்ரீனா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"இல்லை."

அவ்வளவுதான். விமலராணி மிச்சக் காசை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.

பயத்தம் மா ஒன்றும் பெரிய விசயமில்லை, ஆசைக்கு உருண்டை பிடிப்பாள் என்று அகஸ்ரீனா தன்னைத் தேற்றினாள். அடுத்த தரம் விமலராணி கிலோக் கணக்கில் ரவையும் கஜு முந்திரிப்பருப்பும் எடுத்தாள். ரவையும் கஜுவும் இவ்வளவு என்றால் கலியாணத்துக்குப் போடுகிற றிச் கேக். றிச் கேக் நத்தாருக்கும் போடலாம். ஆனால் இது சித்திரை. அதற்கு அடுத்த தரம் பூசணித் தோசி, கேக்குக்குள் போடுகிற சீனிப்பாகுப் பூசணி. அலுமாரியில் இருந்த எல்லாப் போத்தலும். அகஸ்ரீனா போத்தல்களை இரண்டு தரம் எண்ணினாள். அன்று மத்தியானம் பவுலின் சோற்றுக்குக் கறி போட மறந்தாள்.

"விமலா வீட்டில கலியாணம்," என்றாள்.

"ஆருக்கு?" என்றார் பவுல் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு.

"அதைத்தான் கேக்கேலாமல் இருக்கு."

"கேளுமன்."

"மூண்டு கேள்விக்குள்ள அது இல்லை."

"நாலாவதாச் சேரும்."

"என்ரை மகன் வேண்டாமெண்டு விட்ட பிள்ளை. நான் என்னெண்டு கேக்கிறது?"

பவுல் வெறுஞ்சோற்றைப் பார்த்தார். எழும்பிப்போய்க் கறியைத் தானே போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை கடையில் ஞானம்பிகை வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நீனோ ஒரு அரைச் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, உப்புப் பைக்கற்றோடு வரிசையில் நின்றான். மணிப்பாட்டுப் பாடியது. விமலராணி, கலியாண கேக் துண்டு வைத்துக் கொடுக்கிற சின்னப் பெட்டிகள், வெள்ளியில் மணி போட்டவை, கைகொள்ளாமல் அள்ளிக்கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினாள்.

"பை தரவோ?"

"வேண்டாம்."

"சூடாக்கவோ?"

"பெட்டியையோ?"

"கரண்டி?"

"எதுக்கு?"

மூன்றும் முடிந்தது. அகஸ்ரீனா குனிந்து நிமிர்ந்தாள். விமலராணி பெட்டிகளைச் சீலைத்தலைப்பில் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஞானம்பிகையின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது. விமலராணியின் கால் வாசலைத் தாண்ட, மணிப்பாட்டுத் தொடங்க, அதற்கு மேலால் அகஸ்ரீனா கத்தினாள்.

"ஆருக்கடி விமலா?"

விமலராணி திரும்பினாள். இரண்டு பெட்டி கீழே விழுந்தது. "அப்பாடா," என்றாள். "தோசி முழுக்க வாங்கியும் வாய் திறக்கேல்லை. இனி உன்ரை கடையில வாங்கிறதுக்கு மணவறைதான் மிச்சம் எண்டு நினைச்சன்."

"ஆருக்கெண்டு சொல்லன்!"

"லக்ஷனாவுக்குத்தான். வேற ஆரிருக்கினம் என்ரை வீட்டில? எனக்கோ?"

"மாப்பிள்ளை?"

நீனோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வாசலில் இரண்டு பெண்கள் இந்தச் சுருதியில் கத்தினால் என்ன விசயமென்று தெரியும். உப்புப் பைக்கற்றோடு கையை உயர்த்தி, இத்தாலியனில் சொன்னான். "என்ரை தங்கச்சி பீனாவின்ரை மகன், தவீதே. பல்லு டொக்டரிட்டை இரண்டு பேரும் ஒண்டாத்தான் வேலை. சிஞ்ஞோரா, ஒரேத்தோ முழுக்கத் தெரியும். நீங்கள்தான் கேக்கேல்லை."

அகஸ்ரீனா ஞானம்பிகையைப் பார்த்தாள். ஞானம்பிகை வெங்காயத்தைப் பார்த்தாள். "சொல்லத்தானக்கா வாறனான். நீங்கள் சூடாக்கவோ எண்டுறியள்."

ஊர்ச் சங்கதி எல்லாவற்றையும் முதலில் அறிகிறவள், எதிர்க்கடைக்காரன் வீட்டுக் கலியாணத்தைக் கடைசியாக அறிந்திருக்கிறாள். அகஸ்ரீனா பின்னறைக்குப் போய்ப் பிளாஸ்ரிக் கதிரையை எடுத்துவந்து, முதலில் தானே அதில் இருந்தாள்.

"கோவமெண்டு நினைச்சன்," என்றாள் விமலராணி.

"கோவமோ? வெக்கமடி. என்ன முகத்தோட உன்னைக் கேக்கிறது?"

"இருக்கிற முகத்தோடதான். வேற முகம் ஆர் தந்தது?" விழுந்த பெட்டியை எடுத்துத் தட்டினாள். "சனிக்கிழமை என்ரை வீட்டில பலகாரச் சூடு. நீ வந்து கொக்கிஸ் அச்சுப் பலகாரம் சுடவேணும். நீ வராட்டி, இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை எண்டு சனம் முடிவு கட்டிடும்."

"அங்கை எல்லாரும் சுஜீவனைப் பற்றித்தான் கேப்பினம்."

"கேப்பினம். கேட்டு முடிச்சவுடன வேற கதைக்குப் போவினம். நீ ஒளிக்கிறபடியால்தான் அது இன்னும் இருக்கு."

"எனக்கே காரணம் தெரியாது விமலா. சத்தியமா அவன் சொல்லேல்லை."

"உனக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சிருந்தால் இவ்வளவுக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஞானம்பிகை சிரிப்பை வெங்காயக் கூடைக்குள் ஒளித்தாள். "அக்கா," என்றாள் பிறகு மெல்ல, "பேரன் எப்பிடி?"

பேரனின் படம் எல்லாம் பார்த்து முடித்து நீனோ வரும்வரை, அவனுடைய கடையில் சவர நுரையோடு ஒரு ஆள் நெடுநேரம் காத்திருந்தான்.

சனிக்கிழமை விமலராணி வீட்டு மொட்டைமாடியில் இரண்டு காஸ் அடுப்பு. சீலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அகஸ்ரீனா எண்ணெய்க்கு முன்னால் இருந்தாள். அவள் வந்து இருந்ததும் மாவு குழைக்கிற கைகளெல்லாம் மெதுவாகின. எல்லார் முகத்திலும் அந்த ஒரே கேள்வி. யார் தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.

தொடங்கியது மாப்பிள்ளையின் தாய், நீனோவின் தங்கை பீனா. கறுப்புக் கவுண் போட்ட பெரிய மனுசி, மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கமுன்னமே அகஸ்ரீனாவுக்கு முன்னால் வந்து, இடுப்பில் கைகளை ஊன்றி, ஊர் கேட்கிற குரலில் கேட்டாள்: "இந்தப் பிள்ளையை வேண்டாமெண்ட மடையன்ரை தாய் நீங்களோ?"

மாடி முழுவதும் அசையவில்லை. இத்தாலியன் விளங்காதவர்களுக்கும் விளங்கியது.

"ஓம் சிஞ்ஞோரா," என்றாள் அகஸ்ரீனா. "நான்தான். ஏனெண்டு கேக்காதேங்கோ, எனக்கும் தெரியாது."

பீனா குனிந்து, அவளுடைய மா அப்பிய இரண்டு கன்னத்திலும் சத்தமாகக் கொஞ்சினாள். "நன்றி. என்ரை மகன் நாலு வருசமா இவளை வாயைப் பிளந்து பாத்துக்கொண்டிருந்தவன். உங்கடை மடையன் விலகாட்டி என்ரை மடையன் வாயே திறந்திருக்கமாட்டான்."

முதலில் சிரித்தது விமலராணி. பிறகு ஒருவர் இருவராக எல்லாரும். ஒருத்தி அந்தச் சாக்கில், "அப்ப சுஜீவனுக்கு இனி எங்கையும் பாக்கிறியளோ?" என்றாள். இன்னொருத்தி, "மொண்டெல்லோவில ஒரு போலந்துக்காரியோட கண்டதெண்டு சொல்லுகினம், மெய்யோ?" என்றாள்.

"எந்தப் போலந்துக்காரி?" அகஸ்ரீனா கொக்கிஸ் அச்சோடு திரும்பினாள். "ஆர் கண்டது? எப்ப? தலைமயிர் என்ன நிறம்?"

அச்சு எண்ணெயில் கிடந்து புகைக்கத் தொடங்கியிருந்தது.

"சிஞ்ஞோரா," என்றாள் பீனா, பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "அதை எனக்கும் இத்தாலியனில சொல்லுங்கோ. முதல்ல இருந்து."